வாலில் மூன்று வெட்டு

ஒரு மீன் விஷயமாக எங்கள் அப்பாவைக் குப்பமே சந்தேகப்பட்ட மாதத்தில் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை நான்காம் வகுப்பை யாரும் பார்த்ததில்லை. அதனால் எழுத்து சம்பந்தப்பட்ட எந்த விவகாரமானாலும் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார்கள். மருந்துச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், கோயில் வாசலில் ஒட்டும் அறிவிப்பு எல்லாவற்றையும் நான்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். புரிந்ததா என்று யாரும் கேட்டதில்லை. சத்தமாகப் படித்தால் போதும்.

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவின் தம்பியான என் மாமாவும் அப்பாவும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போனார்கள். படகு இருவருக்கும் பொது. வலை பொது. வசவும் பொது. ஒரு நாள் விடிகாலையில் அவர்கள் வலையில் அந்த மீன் வந்தது.

பள்ளிக்கூடம் கிளம்பும் முன் கரைக்கு ஓடிப்போய் நானும் அதைப் பார்த்தேன். இரண்டு சாண் நீளம். விலாவின் இரு பக்கமும் விசிறி மாதிரி ரெக்கை. விரித்தால் ரெக்கை முழுக்க நீலப் பொட்டு. மணலில் விட்டால் வயிற்றுப் பக்கம் விரல் போல இருந்தவற்றை ஊன்றி நாலடி நடந்தது. தொட்டால் கர்ர்ரென்று உறுமியது. முப்பது வருஷம் கடலுக்குப் போன ஆட்களே அதற்குப் பெயர் தெரியாமல் நின்றார்கள்.

இங்கே எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏலத்துக்குப் போகாமல் வீட்டுக்கென்று ஒருவர் எடுத்துவைக்கும் மீனுக்கு வாலில் வெட்டு போடுவார்கள். ஒரே கூடையில் பலர் மீன் கிடக்கும்போது அடிதடி வராமல் இருக்கத்தான் இது. ஒவ்வொருவருக்கும் தனி வெட்டு. அப்பாவுடையது வாலின் கீழ்ப்பக்கம் இரண்டு. மாமாவுடையது மேல்பக்கம் ஒன்று. வெட்டு போட்ட மீனை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் தன் வெட்டையும் பக்கத்தில் போட்டுக்கொள்வார். இரண்டு பேர் வெட்டு இருந்தால் அது கை மாறிய மீன் என்று அர்த்தம். யார் கையில் மீனைப் பார்த்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் வாலைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகத்தை. கேட்காமல் அடுத்தவன் மீனில் வெட்டு போட்டவனோடு யாரும் படகேற மாட்டார்கள். இவ்வளவையும் நான் அ, ஆ படிப்பதற்கு முன்பே படித்திருந்தேன்.

அப்பா அந்த மீனுக்கு இரண்டு வெட்டு போட்டு, கடல் தண்ணீர் நிரப்பிய ஐஸ் பெட்டியில் உயிரோடு விட்டார். எங்கள் கரைக்கு அவ்வப்போது ஒரு சாரும் மேடமும் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். இயற்கை வரலாற்று மியூசியத்துக்காரர்கள், மத்திய அரசாங்கம். விநோதமாக எது மாட்டினாலும் சொல்லுங்கள் என்று போன் நம்பர் எழுதிய சீட்டை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். நிறைய பேர் அதில் பீடிச் சாம்பல் தட்டினார்கள். அப்பா மட்டும் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பெட்டியை மாமாவின் காவலில் விட்டுவிட்டு அந்தச் சீட்டை எடுக்க வீட்டுக்கு ஓடினார். போன் போட்டபோது அவர்கள் எண்ணூரிலேயே இருந்திருக்கிறார்கள். சாயங்காலம்தான் வருவார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, பத்தே நிமிஷத்தில் ஆட்டோவில் வந்து, மீனைத் தண்ணீரோடு தங்கள் டப்பாவில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மீனும் இல்லை, பெட்டியில் தண்ணீரும் இல்லை. அப்பா மட்டும் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"மியூசியத்துல வப்பாங்களாம். ஒரு மாசம் கழிச்சு வந்து பாருன்னு சொன்னாரு சாரு."

அந்தப் பெருமை இரண்டு நாள் கூட நிற்கவில்லை. சார் மீனை வறுத்துத் தின்றிருப்பார் என்றார்கள் சிலர். பாட்டிலில் கழிமுகத்துத் தண்ணீர் பிடித்துப் போகிறவர்கள் எல்லாம் அனல்மின் நிலையத்துக்காரன் ஆள்தான், உன் மீனைக் காட்டி இங்கே தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொள்வான் என்றார்கள் சிலர். இதையெல்லாம் அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். மாமா சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கொளத்தூர்ல கலர் மீனு விக்கிறவன் இந்த மாதிரி மீனுக்குப் பறப்பான் மச்சான். உயிரோட கீற மீனு. அத்தப் போய் எவனோ சாராண்ட சும்மா தூக்கிக் குடுத்தேன்னா நம்பறதுக்கு நான் இன்னா கேணையா?"

"நீயும்தானேடா கரையில நின்னுகினு இருந்த? ஆட்டோ வந்துது, பாத்தல்ல?"

"ஆட்டோ வந்துது. மியூசியத்துலேருந்து வந்துதா, கொளத்தூர்லேருந்து வந்துதான்னு அது நெத்தியிலயா எழுதிக்கீது?"

மறுநாள் மாமா படகுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தனியாள் அந்தப் படகைத் தள்ள முடியாது. வேறு ஆளைக் கூப்பிட்டால் மச்சினனே நம்பாதவனோடு நான் ஏன் வரவேண்டும் என்ற பார்வை வந்தது. அப்பா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். எங்கள் படகு மணலில் கவிழ்ந்து கிடக்க, நாய் ஒன்று அதன் நிழலில் குட்டி போட்டது. அம்மா ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி என்று இரண்டு வீட்டுக்கும் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினாள். மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு தீர்ப்பு சொன்னாள்.

"இன்னிக்கு எல்லாரும் மியூசியம் போறோம். மீனு கீதா, வாலுல வெட்டு கீதா, பாத்துட்டா தீந்துச்சு. இல்லேன்னா யோவ், நீ என் தம்பி கால்ல வுழணும். கீதுன்னா, டேய், நீ இவரு கால்ல வுழணும். இவன் வந்து சீட்டப் படிக்கட்டும்."

இப்படியாக நான் அரசுத் தரப்பு சாட்சியாக பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கத்தில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். விலங்குகள் உயிரோடு இருந்தால் உயிர் காலேஜ். காலேஜ் என்ற சொல் இருந்ததால் நான் முகம் கழுவி, பள்ளிச் சீருடையே போட்டுக்கொண்டேன். வாசலிலேயே எங்களுக்கும் அந்த இடத்துக்கும் ஒத்துப்போகவில்லை. காவலாளி அம்மாவின் கூடைப்பையை மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள என்ன? மீனா?"

"புளிசோறு. மீனு உங்களாண்டதான கீது, அத்தப் பாக்கத்தான் வந்துகீறோம்."

பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார். திரும்பி வரும்போது சோறு குறைந்திருந்தால் தெரிவதற்காக, அம்மா தூக்கு மூடியின் மேல் தன் தலைமுடி ஒன்றைச் சுற்றி வைத்துவிட்டு வந்தாள். காவலாளிக்கும் எங்கள் மேல் அதே அளவு நம்பிக்கைதான். எங்களைப் பின்தொடர்ந்தே வந்தார்.

கண்ணாடிக்குள் புலி நின்றது. துணியில் தைத்து சாயம் அடித்திருக்கிறார்கள் என்றாள் அம்மா. கூரையில் திமிங்கலத்தின் எலும்பு தொங்கியது. அப்பா தலையை அண்ணாந்து, கை விரித்து அளந்து, நம்ம படகு மூணு படகு நீளம் என்றார். மாமா அதையும் நம்பவில்லை. அது சிமெண்டு என்றார். சுறாவின் வாய் மட்டும் பல்லோடு சுவரில் இருந்தது.

"வாய மட்டும் மாட்டிட்டு மீதிய இன்னா பண்ணாங்களாம்?" என்று அம்மா காவலாளியைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் வரும்போதே வாய் மட்டும்தான் இருந்துது."

அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். சார் வறுத்துத் தின்றார் என்ற கட்சிக்கு அந்த இடத்தில் பலம் கூடியது.

மீன் கூடம் கடைசியில் இருந்தது. வரிசை வரிசையாக ஜாடிகள். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த மீன்களெல்லாம் பழுப்புத் தண்ணீருக்குள் ஒரே நிறத்தில், வெந்த முட்டை மாதிரி வெளுத்து நின்றன. அம்மா கூடையில் மீன் வைத்து விற்பவள். அவளால் பொறுக்க முடியவில்லை. இந்த மூஞ்சியோட சங்கராவ நான் தெருவுல எடுத்துகினு போனா பூனை கூட வாங்காது என்றாள். புதிதாக வந்தவை என்று எழுதியிருந்த கண்ணாடி அலமாரியை நான்தான் படித்துக் கண்டுபிடித்தேன். அதில் ஐந்து ஜாடி. நடு ஜாடியில் ரெக்கையை மடக்கிக்கொண்டு ஒரு மீன் இருந்தது.

நீலம் இல்லை. பொட்டு இல்லை. உறுமவும் நடக்கவும் செய்த மீனின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வேறொன்று நிற்பது போல இருந்தது. அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, யாரும் கேட்காமலேயே சொன்னார்.

"இது இல்ல போலகீதே."

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன். மாமாவும் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது இல்ல. அதான் அவரே சொல்லிட்டாரே. வா யக்கா போலாம், பஸ்ஸு வுட்டுடுவான்."

"இருடா. தம்பி, சீட்டப் படி."

ஜாடியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எல்லாம் இங்கிலீஷ். முதல் வரி என் வாயில் நுழையவே இல்லை. அப்புறம் ஒரு தேதி. அதற்குக் கீழே ஆறு எழுத்து. ஒவ்வொன்றாகச் சேர்த்து, எண்ணூர் என்று கத்தினேன். கடைசி வரியில் ஒரு பெயர் இருந்தது. அது அப்பா பெயர் இல்லை, அந்த சார் பெயராக இருக்கும். அதைப் படித்துக் காட்டாமல் விழுங்கிவிட்டேன். அப்பா ஒருவேளை அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணூர்ல நூறு படகு கீது" என்றார் மாமா. "எவன் புட்ச்சானோ."

"அப்போ வாலப் பாத்துடலாம்" என்றாள் அம்மா.

"இன்னாத்துக்கு யக்கா வாலு கீலுன்னுகினு? மீனே இல்லேங்கறேன்."

"இல்லேன்னா வாலுல வெட்டும் இருக்காதுல்ல. பாக்கறதுக்கு உனக்கு இன்னா பேஜாரு?"

வால் தெரியவில்லை. அந்தச் சீட்டையே சரியாக வாலுக்கு நேரே ஒட்டியிருந்தார்கள். ஜாடியைத் திருப்பிக் காட்டச் சொன்னாள் அம்மா. சாவி தன்னிடம் இல்லை, இருந்தாலும் திறக்கமாட்டேன் என்றார் காவலாளி. அலமாரியின் பின்பக்கமும் கண்ணாடிதான். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. பெரியவர்கள் நுழைய முடியாது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். ஏய், ஏய் என்று காவலாளி சீருடைச் சட்டையின் வெளியே இருந்த பாதியைப் பிடிக்கப் பார்த்தார். ஒட்டடை வாயில் போக, ஒயர் காலில் சிக்க, நடு ஜாடிக்கு நேரே போய்த் தலையைத் திருப்பினேன்.

வால் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கீழே, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு வெட்டு.

என் அப்பா பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அந்தச் சந்துக்குள் நான் எவ்வளவு உயரமாக வளர்ந்தேன் என்று சொல்ல முடியாது. பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்று விடாமல், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் கத்தினேன்.

"கீதும்மா! நம்ம மீனுதான்! கீழ ரெண்டு வெட்டு கீது! மேல ஒரு வெட்டு கீது!"

வெளியே யாரும் சந்தோஷப்படவில்லை.

இரண்டு கண்ணாடிக்கும் ஜாடித் தண்ணீருக்கும் ஊடாக அவர்கள் முகங்கள் கோணலாகத் தெரிந்தன. அம்மா மீனைப் பார்க்கவில்லை, தன் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஜாடியின் சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துகூடத் தெரியாத மாமா, அந்த இங்கிலீஷை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். அப்பாதான் முதலில் பேசினார்.

"மேல கீறது வலை அறுத்ததுடா."

"இல்லப்பா. கத்தி வெட்டு. நேராகீது. மாமா போடற மாதிரியே கீது."

"வலை அறுத்ததுன்னு சொல்றேன்ல? வெளிய வா."

"நல்லாத் தெரியுதுப்பா, நீ வேணா..."

"வாடா வெளிய!"

அப்பா என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. சந்திலிருந்து வெளிவந்ததும் காவலாளி என் காதைப் பிடித்தார். அப்பா அவர் கையை விலக்கிவிட்டு, மன்னிச்சுக்க சார், நம்ம மீனு, அதான் பையன் ஆசப்பட்டுட்டான் என்றார். நம்ம மீனு என்றபோது மாமாவின் தோளைத் தொட்டார். யாரும் யார் காலிலும் விழவில்லை. அம்மா தன் தீர்ப்பை மறந்தே போனாள்.

வெளியே மரத்தடியில் தூக்கைத் திறந்தோம். தலைமுடி சுற்றியபடியே இருந்தது. அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. மாமா சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தார்.

"துன்னு" என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் எனக்கே பசி போய்விட்டது.

அப்பா மட்டும் இயல்பாகப் பேசினார். காத்து திரும்பிகீது, நாளைக்கு ரெண்டு பேரும் தண்ணிக்குப் போவோம், படகுக்கு அடியில கீற குட்டிகள வேற எடுத்து வுடணும் என்றார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் இதையெல்லாம் யோசித்தேன். எதிரே கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதால் யோசிக்க நிறைய நேரம் இருந்தது. எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். இரண்டு பேர் வெட்டு இருந்தால் கை மாறிய மீன். அப்படியானால் அப்பா அந்த மீனை மாமாவுக்குக் கொடுத்திருக்கிறார். மாமாவும் தன் வெட்டைப் போட்டிருக்கிறார். பிறகு சாரைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஆசை வந்து, கொடுத்ததைப் பிடுங்கி அவரிடம் நீட்டிவிட்டார். பாவம் மாமா, அக்கா புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கொளத்தூர் கதையைச் சொல்லியிருக்கிறார். இப்போது குட்டு வெளிப்பட்டதும் வலை மேல் பழி போடுகிறார் அப்பா. வலை அறுத்தால் வால் நார் நாராகக் கிழியும் என்பது எனக்கே தெரியும். முப்பது வருஷம் வலை போட்டவருக்குத் தெரியாதா?

கொடுக்காத மீனிலும் ஒருவன் வெட்டு போடக்கூடும் என்பது என் சட்டத்தில் இல்லை. பெட்டிக்குக் காவல் இருந்தவர் யார், அப்பா வீட்டுக்கு ஓடிய நேரத்தில் கரையில் கத்தி யார் இடுப்பில் இருந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான்காம் வகுப்பில் வராத கணக்கு அது. அந்த பஸ்ஸில் வந்த எங்கள் எல்லோரிலும் சந்தேகத்துக்குரியவர் அப்பா ஒருவர்தான் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா மீன் வறுத்தாள். முதல் துண்டை, பெரிய நடுத்துண்டை, எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தாள். அந்த மாதம் முழுக்க அப்பாவுக்கு வால் துண்டுதான் வந்துகொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொய் சொன்னவருக்கு எதுக்கும்மா பெரிய துண்டு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"ஆமாண்டா. உங்கொப்பன் பொய்யன்தான். துன்னுய்யா பொய்யா, முள்ளுப் பாத்துத் துன்னு."

அப்பா தலை குனிந்து தின்றார். அவருக்கு வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். நீதி செத்துப்போன அந்த வீட்டில் சாப்பிடப் பிடிக்காமல், தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கரைக்கு நடந்தேன்.

மாமா யாரையோ கூட்டிப் படகை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாய்க்குட்டிகளைச் சாக்கில் சுருட்டிப் பக்கத்தில் விட்டிருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். இந்தக் கரையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான், அவருக்கு ஒரு துணை வேண்டாமா?

"மாமா, எனக்குத் தெரியும். மேல கீற வெட்டு உன்னுதுதான்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா உனக்குக் குடுத்துட்டுத் திரும்ப எடுத்துக்கினாரு. நீதான் பாவம். நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன் மாமா, சத்தியமா."

ஆறுதலாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டு, துண்டை எடுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"வூட்டுக்குப் போ நைனா. போய் உங்கப்பனோட உக்காந்து துன்னு."

இவ்வளவு அநியாயம் நடந்த பிறகும் அப்பாவை விட்டுக்கொடுக்காத மாமாவின் மனசை நினைத்து எனக்கு அழுகை வந்தது. வெகு நாள் வரை, அப்பாவைவிட மாமாதான் நல்லவர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் அருகில் போய் உட்கார்ந்தால் மட்டும் அவர் ஏன் எழுந்து போகிறார் என்பதுதான் புரியவே இல்லை.